பென்சில் அழிக்கும் வேலை

வாசிகசாலைக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

"அங்கிள், முப்பது வருசம் இருந்தீங்க. மறக்க முடியாத புத்தகம் எதுன்னு எழுதித் தாங்க. அரைப் பக்கம் போதும்."

புத்தகத்தின் பேர் தெரியாது என்றேன். எழுதினவர் பேர்? அதுவும் தெரியாது.

"அப்ப என்னத்த அங்கிள் எழுதுவீங்க?" என்று அந்தப் பெண் பிள்ளை சிரித்தது.

இலக்கம் தெரியும் என்றேன். நானூற்றுப் பன்னிரண்டு.

அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. வேண்டாததை அவர்களே வெட்டிக்கொள்ளட்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். யட்டவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். எழுபத்தைந்தில், பத்தொன்பது வயதில், மாத்தளை டவுனுக்கு இறங்கி வந்து வாசிகசாலையில் சேர்ந்தேன். ஒரு சங்கம் நடத்திய சின்ன இடம். கீழே சாமான் கடை, மேலே நாங்கள். கூட்டுவது, பசை காய்ச்சுவது, அட்டை போடுவது, அடுக்குவது. முதல் இரண்டு வருடம் அவ்வளவுதான். பசை காய்ச்சும்போது கோதுமை மாவோடு மயில்துத்தம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி தின்னும். ஒரு தரம் மறந்தேன். பிறகு மறக்கவில்லை.

நூலகர் ஜெமீல் சேர். மெலிந்த மனிதர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. எல்லோரையும் 'நீங்க' என்பார், கூட்டித் துடைக்கிற என்னையும். எதையும் செய்யாதே என்று சொல்ல மாட்டார். நான் பிழையாக ஒன்றைச் செய்தால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். "அப்படியும் செய்யலாம்" என்பார். செய்யக் கூடாது என்று அதற்கு அர்த்தம். இது விளங்க எனக்கு ஆறு மாதம் போனது.

திரும்பி வரும் புத்தகங்களில் பென்சில் எழுத்தை அழிப்பது என் வேலை. வாசிக்கிறவர்கள் ஓரத்தில் கோடு போடுவார்கள், 'சரி' என்பார்கள், 'பொய்' என்பார்கள், பொம்பிளைப் பேர் எழுதுவார்கள். சேர் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்கு வர வேண்டும். முன்னிருந்து போனால் கதையில் மனம் போய்விடும், எழுத்து தப்பிவிடும் என்பார். இடது உள்ளங்கையால் தையல் பக்கத்தை அழுத்திப் பிடித்து, அழிறப்பரை உள்ளேயிருந்து வெளியே ஒரே திசையில் இழுக்க வேண்டும். திருப்பித் தேய்த்தால் தாள் மடங்கிக் கிழியும். தூளை வாயால் ஊதக் கூடாது. கோழி இறகால் தட்ட வேண்டும். முடிந்ததும் சேர் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். தடம் தெரிந்தால் பேசாமல் திருப்பித் தருவார்.

நானூற்றுப் பன்னிரண்டு எங்களிடம் வந்தபோதே முன்பக்கம் இல்லை. கடைசித் தையல் மடிப்பு, பதினாறு பக்கமும் இல்லை. நான்தான் பழுப்பு அட்டை போட்டு இலக்கம் எழுதினேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் கதை. கருப்பண்ணன் என்று ஒரு ஆள். பக்கத்துக் காம்பரா வீட்டில் மாரி என்று ஒரு பெண். தப்பு அடிக்கிற சாதி. கருப்பண்ணன் அவள் வீட்டுத் தண்ணீரைத் தொட மாட்டான். கலவரம் வருகிறது. ஓட வழியில்லாமல் அவள் காம்பராவுக்குள் நுழைகிறான். அவள் அவனை விறகுப் பரணில் ஏற்றிவிட்டு வாசலில் போய் நிற்கிறாள். கத்தியோடு வந்தவர்கள் அவளோடு பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவன் இறங்கவில்லை. ஒரு பகல் போகிறது, அடுத்த பகலும் போகிறது. மாரி கீழே நின்று கூப்பிடுகிறாள். நூற்று நாற்பத்து நாலாம் பக்கம். அதோடு புத்தகம் அறுந்து நிற்கிறது.

தமிழரைத் தேடித் தேடி அடித்த எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் நான் மூன்று நாள் ஜெமீல் சேர் வீட்டில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாசிகசாலை திரும்பத் திறந்ததும் நான் முதலில் எடுத்தது நானூற்றுப் பன்னிரண்டு. முன்னிருந்து பின்னுக்குப் படித்தேன். அந்தக் கடைசிப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் 'கோழை' என்று எழுதினேன். ஆறு வருடம் மற்றவர்கள் எழுதியதை அழித்தவன் நான். அதையும் அழித்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் எடுக்கப் போனால் புத்தகம் வெளியே போய்விட்டது.

திரும்பி வந்தபோது என் சொல்லுக்குக் கீழே வேறொரு எழுத்து இருந்தது. வட்டமான எழுத்து. 'உயிரோடு இருக்கிறவனைத்தான் கோழை என்று திட்ட முடியும்.'

அழிறப்பர் கையில் இருந்தது. அழிக்கவில்லை. கீழே எழுதினேன்: 'ஆம்பிளை என்றால் இறங்கி வந்திருப்பான்.' புத்தகத்தை அதன் இடத்தில் வைத்தேன்.

அப்படி ஐந்தாறு மாதம். அந்தப் புத்தகத்துக்கு அப்போது நல்ல கிராக்கி. யார் எடுத்த தவணையில் அந்த எழுத்து வருகிறது என்று இரவல் பேரேட்டில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமில்லை. மனதில் ஒரு உருவம் வைத்திருந்தேன். ஒரு டீச்சர். வெள்ளைச் சேலை, குடை, மெல்லிய கண்ணாடி. 'ண' எழுதும்போது முதல் சுழியை உள்ளுக்குள் இன்னொரு தரம் சுற்றுவாள். அப்படி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் திரும்பிய புத்தகக் கட்டில் பழுப்பு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாத நாள் நீளமாக இருக்கும்.

ஒரு தரம் இப்படி வந்தது: 'அவனுக்குக் கத்தி பயம் இல்லை. கத்திக்காரர்கள் போய்விட்டார்கள். இறங்கினால் மாரி கையால் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்தப் பயம்தான்.'

இரண்டு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அந்தப் பக்கத்தை எத்தனையோ தரம் படித்தவன். எனக்கு அது தெரியவில்லை. பிறகு எழுதினேன்: 'அப்படியென்றால் அவன் குடிப்பானா?'

இனி பஞ்சவர்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டவுன் ரோடு கூட்டும் தொழிலாளி. தாயும் அதே வேலை. எழுபத்தேழிலிருந்து வாசிகசாலைக்கு வந்தாள். வேலை முடிந்து குளித்து, ஈரத் தலையோடு, புத்தகத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவாள். ஜூலைக்குப் பிறகு எரிந்த கடைகளை அள்ளிக் கூட்டியது அவளும் அவள் ஆட்களும்தான். நான் அவள் கையிலிருந்து புத்தகம் வாங்க மாட்டேன். "இந்தா, பெஞ்சில வை" என்பேன். வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். எடுக்கும்போதும் அப்படித்தான். மற்றவர்கள் பேரேட்டில் தங்கள் பேரைத் தாங்களே எழுதுவார்கள். அவள் பேரை நான் எழுதுவேன். எழுதத் தெரியுமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. புத்தகம் படிக்கிறவளுக்கு எழுதத் தெரியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஜன்னல் பக்கம் ஒரு மண் பானையும் எனாமல் கோப்பையும் இருக்கும். வந்த புதிதில் ஒரு நாள் கோப்பைக்குக் கை நீட்டினாள்.

"கீழ பைப் இருக்கு" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாள். "அண்ணே வேதக்காரங்கதானே?" என்றாள்.

"ஆமா. கிறிஸ்தவங்கதான்."

"வேதத்துலயும் இருக்கா இதெல்லாம்?"

நான் பேரேட்டைத் திருப்பினேன். சேர் மேசையில் இருந்து நிமிர்ந்து பார்த்தார். அவள் போன பிறகு, "அப்படியும் செய்யலாம், சூசை" என்றார். அந்த ஒரு தரம் மட்டும் விளங்காதது போல் இருந்துவிட்டேன்.

எண்பத்து நாலு தொடக்கத்தில் ஒரு பின்னேரம் வந்தாள். பெஞ்சில் புத்தகத்தையும் அங்கத்துவ அட்டையையும் வைத்தாள்.

"இனி வர மாட்டேன் அண்ணே. பாஸ்போட்டு வந்திருச்சி. அம்மா, நான், தம்பி, எல்லாரும் போறோம். இன்னும் மூணு வாரத்துல தலைமன்னார்ல கப்பல்."

அப்போது இரு நாட்டு ஒப்பந்தப்படி நிறையப் பேர் நிரந்தரமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அட்டையைத் திருப்பித் தருகிறவர் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் வழக்கம்போல் எழுதத் தொடங்கினேன்.

"நானே எழுதுறேன்" என்றாள்.

"உனக்கு எழுத வருமா?"

"ஏழு வருசமா நீங்க கேக்கல. நானும் சொல்லல."

துண்டைப் பெஞ்சில் வைத்தேன். குனிந்து எழுதினாள். 'அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பஞ்சவர்ணம்.' அந்தப் பேரில் இருந்த 'ண'வில் முதல் சுழி உள்ளுக்குள் இன்னொரு தரம் சுற்றியிருந்தது.

அவள் சேரிடம் சொல்லிக்கொண்டு போனாள். துண்டையும் அட்டையையும் எடுத்துச் சேர் மேசையில் வைத்தேன். பெஞ்சில் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு.

அடுத்துச் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். கீழே இறங்கிப் போய்ப் பைப்பைத் திறந்து கை கழுவினேன். ஆறு மாதம் நெஞ்சில் வைத்திருந்த எழுத்து அது. அதைத் தொட்ட கையைக் கழுவினேன். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பைப்பை மூட நேரமெடுத்தது.

வந்து புத்தகத்தைத் திறந்தேன். என் கேள்விக்குக் கீழே எழுதியிருந்தாள்: 'கருப்பண்ணே, பரணில் ஒளிந்தது போதும். அவர்கள் போய்விட்டார்கள். இறங்கி வாங்க. தண்ணீர் வைத்திருக்கிறேன்.'

மாரி பேசுவது போல் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். அழிறப்பரை எடுத்தேன், வைத்தேன். புத்தகத்தை அப்படியே அலுமாரியில் சொருகினேன். என் வேலையில் நான் தெரிந்து செய்த பெரிய பிழை அதுதான்.

மறுநாள் நாவுலப் பக்கத்துக் கிளாக்கர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போனார். வழியில் பொலிஸ்காரர்கள் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். தமிழ்ப் புத்தகம், ஓரத்தில் கையெழுத்து. திகதித் துண்டில் அன்றைய திகதி இருந்ததால் அவரை விட்டுவிட்டார்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் காலை சிவில் உடுப்பில் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். ஒருவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். பேச்சு சிங்களத்தில் நடந்தது. தமிழில் எழுதுகிறேன்.

"யார் இந்தக் கருப்பண்ணன்?"

"கதையில வர்ற ஆள், மாத்தயா."

"எந்தத் தோட்டம்?"

"கதையில தோட்டத்துப் பேர் இல்ல."

"இப்ப எங்க ஒளிஞ்சிருக்கான்?"

"நூற்று நாற்பத்து நாலாம் பக்கத்துல."

அறை விழுந்தது. நான் பகிடி விடவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். சேர் எழுந்து புத்தகத்தைக் காட்டி, பரணையும் மாரியையும் மெதுவாக விளக்கினார்.

"கதைக்குள்ள இருக்கிறவனுக்கு யாராவது கடுதாசி எழுதுவானா? பைத்தியமா?" என்றார் வாசிக்கத் தெரிந்தவர். "இது வேற யாருக்கோ போற செய்தி. யார் எழுதினது?"

பேரேட்டை எடுத்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு எடுத்தவர்கள் வரிசையில் விரல் இறங்கியது. பஞ்சவர்ணம். இன்னொரு ஆள். பஞ்சவர்ணம். இரண்டு பேர். திரும்பப் பஞ்சவர்ணம்.

"இந்தப் பொம்பிளை எதுக்குத் திரும்பத் திரும்ப எடுத்தா?"

அவள் பேரில் ஒரு விசாரணை விழுந்தால் பாஸ்போட்டு நின்றுவிடும். தாயும் தம்பியும் போவார்கள், அவள் இங்கே ஏதாவது ஒரு கம்பிக்குள் இருப்பாள். அது எனக்கு உடனே விளங்கியது. அவள் போகாமல் இருந்தால் என்ற நினைப்பும் வந்தது. வராமல் இல்லை. இருபத்தெட்டு வயது எனக்கு.

"அந்தப் பொம்பிளைக்கு எழுதத் தெரியாது மாத்தயா" என்றேன். "பாருங்க. அவ பேர் வர்ற இடமெல்லாம் என் கையெழுத்து."

பார்த்தார்கள். பழைய பேரேடுகளையும் இறக்கிப் பார்த்தார்கள். ஏழு வருடம், எல்லா இடத்திலும் என் எழுத்து. அவளுக்கு நான் செய்த அவமதிப்பு வரிசையாக இருந்தது. அதைத்தான் சாட்சியாகக் காட்டினேன்.

அவர் சேர் பக்கம் திரும்பினார். "அப்படியா? அவளுக்கு எழுதத் தெரியாதா?"

அட்டையோடு வந்த துண்டு சேருடைய மேசையில்தான் இருந்தது. அவர் இடது உள்ளங்கை அதன் மேல் இருந்தது, தையல் பக்கத்தை அழுத்துகிற மாதிரி. ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"எழுதி நான் பார்த்ததில்லை" என்றார்.

"அப்ப இதை யார் எழுதினது?"

"நான்தான்" என்றேன்.

"மேல ஒரு எழுத்து, கீழ ஒரு எழுத்து. ரெண்டும் நீயா?"

"ரெண்டும் நான்தான். நானே கேட்டு நானே பதில் எழுதுவேன்."

அவர் சேரைப் பார்த்தார். "இவன் சொல்றது உண்மையா?"

"அப்படியும் இருக்கலாம்" என்றார் சேர்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள். அங்கே நடந்ததெல்லாம் வேண்டாம். இடது காது அதற்குப் பிறகு சரியாகக் கேட்பதில்லை, அவ்வளவுதான். தினமும் தாளும் பென்சிலும் தந்து அந்த வரியை எழுதச் சொன்னார்கள். முதல் நாள் என் எழுத்துதான் வந்தது. சாய்ந்த எழுத்து. பிடிபட்டால் அவர்கள் திரும்ப அவளிடம் போவார்கள். கண்ணை மூடி அந்தப் பக்கத்தை நினைத்தேன். ஒவ்வொரு எழுத்தும் எந்த இடத்தில் வளைந்தது, பென்சில் எங்கே அழுந்தியது என்று எனக்குத் தெரியும். கருப்பண்ணே, பரணில் ஒளிந்தது போதும். எத்தனை தரம் எழுதினேன் என்று தெரியாது. கை நடுங்கினால் அடித்தார்கள், மெதுவாக எழுதினாலும் அடித்தார்கள். ஐந்தாம் நாள் வட்டம் வந்தது. எட்டாம் நாள் 'ண' வந்தது. பதினோராம் நாள் வாசிக்கத் தெரிந்தவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பைத்தியக்காரன்தான்" என்றார். "போ."

புத்தகத்தைத் தரவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

நேராக வாசிகசாலைக்குப் போனேன். சேர் எழுந்து வந்து என் காதைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். அவர் நாற்காலியில்.

"பஞ்சவர்ணம் போயிட்டாங்க, சூசை. நாள் முந்திருச்சாம். நேத்து தலைமன்னார்க் கோச்சி ஏறிட்டாங்க."

நான் பெஞ்சைப் பார்த்தேன்.

"போறதுக்கு முதல் நாள் இங்க வந்தாங்க. நடந்ததைச் சொன்னேன். எழுதத் தெரியாதுன்னு நீங்க சொன்னதையும் சொன்னேன். சிரிச்சாங்க. பொறவு அழுதாங்க."

"நான்தான் மேல எழுதினேன்னு சொன்னீங்களா சேர்?"

"நான் சொல்லல. அவங்கதான் சொன்னாங்க. 'ஏழு வருசமா என் பேரை எழுதுன கை சேர் அது. எனக்குத் தெரியாதா? முதல் நாள் அந்தக் கோழைங்கிற எழுத்தைப் பார்த்தப்பவே தெரியும்'னாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாரியின் குரலில் எழுதியிருக்கிறாள் என்று நான் நினைத்த அந்த வரி. 'வாங்க' என்று மரியாதை போட்டு எழுதியிருந்தாள். கதையில் மாரி கருப்பண்ணனை ஒரு இடத்திலும் 'வாங்க' என்று சொன்னதில்லை. அந்த வரி எனக்கு எழுதியது.

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல. தண்ணி கேட்டாங்க. நான் எடுத்துக் கொடுக்க எழும்பினேன். வேணாம்னு சொல்லிட்டு அவங்களே போய் அந்தக் கோப்பையில எடுத்துக் குடிச்சாங்க. குடிச்சிட்டுக் கவிழ்த்து வெச்சிட்டுப் போனாங்க."

ஜன்னல் பக்கம் கோப்பை கவிழ்ந்திருந்தது. அன்றிலிருந்து அதை யாரும் எடுக்கவில்லையா, சேர் எடுக்க விடவில்லையா, தெரியாது. போய் எடுத்தேன். கழுவவில்லை. பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். சேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இருபத்தொரு வருடம் வேலை செய்தேன். யார் கையிலிருந்தும் புத்தகத்தை என் கையால் வாங்கினேன். எல்லோரையும் பேர் எழுதச் சொன்னேன். தெரியாது என்றவர்களுக்கு 'கீறிப் பாருங்க' என்று பென்சிலைக் கொடுத்தேன். பெஞ்சை வாசலுக்கு வெளியே போட்டுவிட்டோம், காத்திருக்கிறவர்கள் உட்கார. ஜெமீல் சேர் ஓய்வு பெற்றார், பிறகு மௌத்தானார். அவர் போன பிறகும் நான் பின்னிருந்து முன்னுக்குத்தான் அழித்தேன். வட்ட எழுத்து ஏதாவது கண்ணில் பட்டால் கை நிற்கும். வேறு யாருடையதாவது இருக்கும். அழித்துவிடுவேன்.

இந்தியாவிலிருந்து கடிதம் வரவில்லை. எந்த ஊரில் இறங்கினாள் என்றும் தெரியாது. பேரேட்டில் நானூற்றுப் பன்னிரண்டுக்கு நேரே 'திரும்பவில்லை' என்று நானே எழுதினேன். முழுப் புத்தகம் யாரிடமாவது இருக்குமா என்று கொஞ்ச நாள் விசாரித்தேன். கடைசிப் பதினாறு பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிறகு விட்டுவிட்டேன். கருப்பண்ணன் இறங்கி வந்தானா என்று இப்போது யாராவது கேட்டால், வந்தான் என்பேன். பிந்தி வந்தான்.

இன்னும் ஒன்று. அந்தப் பதினொரு நாளுக்குப் பிறகு என் பழைய கையெழுத்து திரும்ப வரவேயில்லை. முயன்று பார்த்தேன். பென்ஷன் படிவத்தில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். எந்த 'ண' எழுதினாலும் சுழி உள்ளுக்குள் இன்னொரு தரம் சுற்றிக்கொள்கிறது. இந்தப் பக்கங்களையும் அந்த எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். மலரில் அச்சாகி வரும்போது அது தெரியாது. அதனால் சொல்லி வைக்கிறேன்.